பூக்கட்டி எடுத்த பிரெஞ்சு டீம்

சதீஷ், நீ பொய் சொன்னாய். அந்த டீமைத் தேர்ந்தெடுத்தது நீ இல்லை, நான்.

இதைப் படிக்கிற உங்களுக்குச் சதீஷைத் தெரியாது. போன வாரம் வரை தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. போன செவ்வாய்க்கிழமை, கீழ்பென்னாத்தூரில் நான் வேலை செய்கிற ஜெராக்ஸ் கடையில், ஒரு பெரியவருடைய பட்டாவை நகல் எடுத்துக்கொண்டிருந்தேன். போனுக்கு ஒரு வீடியோ வந்தது. அனுப்பியவர் மணி அண்ணன். கீழே ஒரே வரி: "பாத்தியாம்மா?"

பார்த்தேன். மழையில் நனைந்த பச்சை மைதானம். அதன் ஓரத்தில் கழுத்தில் கம்பளித் துண்டு சுற்றிக்கொண்டு ஒருவன் நிற்கிறான். கொஞ்சம் பெருத்திருக்கிறான், தாடி வைத்திருக்கிறான், ஆனால் அதே சிரிப்பு. மைக் பிடித்திருக்கிற பிரெஞ்சுப் பெண், எங்கள் கிளப்புக்கு இந்தியாவில் ரசிகர் கூட்டத்தைத் தொடங்கியவர் இவர்தான், அதனால்தான் அழைத்திருக்கிறோம் என்கிறாள். இவன் தலையாட்டுகிறான். "பிரான்சில் எத்தனையோ டீம் இருக்கும்போது ஏன் இதைத் தேர்ந்தெடுத்தீர்கள்?" என்று கேட்கிறாள். இவன் இங்கிலீஷில் சொல்கிறான்: "இது உழைப்பாளிகளின் டீம். என் மனசு இதைத்தான் சொன்னது."

பெரியவர் பட்டாவை நான்கு முறை நகல் எடுத்துவிட்டேன். அவர் ஒன்றுதான் கேட்டிருந்தார்.

டீமின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் நீங்கள் தேடிப் போய் அந்த வீடியோவைப் பார்ப்பீர்கள், அவனுக்கு இன்னும் நூறு பேர் கூடுவார்கள். பிரான்சின் வடக்குப் பகுதியில், ஒரு காலத்தில் நூல் மில்கள் இருந்த ஒரு சின்ன ஊர், அதன் டீம். இவ்வளவு தெரிந்தால் போதும்.

ஜெராக்ஸ் மெஷின் சூடானால் ஒரு கருகல் வாசனை வரும். அது மூக்கில் ஏறினால் எனக்கு எப்போதும் தலைவலிதான். அன்று மட்டும் ஏனோ எலுமிச்சைப்புல் எண்ணெய் வாசனை ஞாபகம் வந்தது. நான் முன்பு வேலை செய்த விடுதி முழுக்க அந்த வாசனைதான் இருக்கும். கொசுவுக்குப் பயந்து வெள்ளைக்காரர்கள் அதைக் கையிலும் காலிலும் பூசிக்கொண்டு காலை ஐந்து மணிக்கே தியானத்துக்குக் கிளம்புவார்கள். அவர்கள் போன பிறகும் வராந்தாவில் அந்த வாசனை நிற்கும்.

திருவண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டிப் பன்னிரண்டு அறைகள் உள்ள விடுதி அது. பி.காம். முடித்த கையோடு வரவேற்பு மேசையில் சேர்ந்தேன். என் வீடு அடி அண்ணாமலை. சைக்கிளில் போய்விடுவேன். சதீஷ் என்னைவிட இரண்டு வயது சின்னவன். விருந்தினர்களுக்கு வாடகை ஸ்கூட்டர், டாக்சி, ரயில் டிக்கெட் எல்லாம் அவன் பொறுப்பு. மணி அண்ணன் சமையல். காரம் போடாமல் சாம்பார் வைக்கக் கற்றுக்கொண்ட துயரத்தில் அவர் பாதி சாமியாராகவே ஆகிவிட்டிருந்தார். "இது சாம்பார் இல்லம்மா. பருப்பு போட்ட வெந்நி," என்று சொல்லிக்கொண்டே ஊற்றுவார்.

தீபம் முடிந்து ஊர்க் கூட்டம் வடிந்ததும் பிரான்சுக்காரர்கள் வர ஆரம்பிப்பார்கள். சிவராத்திரி தாண்டினால் வெயில் தாங்காமல் போய்விடுவார்கள். அந்த மூன்று மாதத்தில் நான் பிரெஞ்சு கற்றுக்கொண்டேன். கற்றுக்கொண்டேன் என்றால் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். வெந்நீர் ஆறு மணிக்கு வரும், குரங்கு வரும் ஜன்னலை மூடுங்கள், செருப்பை வெளியே விடுங்கள். முதல் சீசனில் இவ்வளவுதான். அறையில் விட்டுவிட்டுப் போகிற சாமான்களுக்கு மேசைக்குப் பின்னால் ஒரு அலமாரி இருந்தது. பாதி தீர்ந்த வெயில் கிரீம், ஒற்றைச் சாக்ஸ், கிழிந்த பத்திரிகைகள். அதில் ஒரு குட்டி அகராதி கிடந்தது. அதை வைத்துத்தான் பத்திரிகைகளைப் படிக்க ஆரம்பித்தேன்.

பிரான்ஸ் உலகக் கோப்பையை ஜெயித்து அடுத்து வந்த சீசன் அது. வந்த ஆண்கள் எல்லாரும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார்கள். சாவி கொடுக்கும்போது, "உனக்கு எந்த டீம்?" என்று கேட்பார்கள். சதீஷ் கெட்டிக்காரன். எந்த ஊர் என்று முதலில் கேட்டுக்கொண்டு, அந்த ஊர் டீம் பெயரையே சொல்லிவிடுவான். அவர்கள் மகிழ்ந்து போய் ஸ்கூட்டரை இரண்டு நாள் கூடுதலாக எடுப்பார்கள். அவனை மட்டும் சொல்லி என்ன? நானும் சொன்னேன். மார்செய்க்காரர் ஒருவரிடம், பிறந்ததிலிருந்து உங்கள் டீம்தான் என்றேன். அந்த ஊர் பெயரையே அன்று காலையில் அவர் பாஸ்போர்ட்டில்தான் முதலில் பார்த்திருந்தேன்.

இரண்டு நாள் கழித்துப் பாரிஸ்காரர் ஒருவர் வந்தார். அந்த இரண்டு ஊருக்கும் பந்து விஷயத்தில் ஆகாது என்பது எங்களுக்குத் தெரியாது. மூன்று மணி நேரம் கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டு வந்த இரண்டு பேரும் இட்லிக்கு முன்னால் உட்கார்ந்து அடித்துக்கொண்டார்கள். சண்டை முற்றி, சாட்சிக்கு என்னையும் சதீஷையும் கூப்பிட்டார்கள். நான் இரண்டு பேரிடமும் இரண்டு டீம் சொல்லியிருந்தேன். சதீஷும் அப்படியே. மார்செய்க்காரர் எங்களைப் பார்த்துச் சிரிக்கக்கூட இல்லை. "நீங்கள் எங்களுக்கு ஆமாம் மட்டும்தான் சொல்வீர்களா?" என்று இங்கிலீஷில் மெதுவாகக் கேட்டார்.

சதீஷ் அதைத் துடைத்துப் போட்டுவிட்டான். எனக்கு அது முள் மாதிரி உள்ளே நின்றது. மூன்றாம் நாள் அடுப்படியில் போய், "நமக்குன்னு ஒரு டீமு வேணும். ஒண்ணே ஒண்ணு. யாரு கேட்டாலும் அதான்," என்றேன்.

"அப்ப பாரிஸ் எடுத்துக்கலாம்க்கா. அவங்கதான் ஜெயிப்பாங்க," என்றான் சதீஷ்.

"ஜெயிக்கிறவங்கள எடுக்கிறதுக்கு நம்ம எதுக்கு? அவங்களுக்கு ஊரே இருக்குது."

"அப்ப எப்படி எடுக்கிறதாம்?"

மணி அண்ணன் வெங்காயத்திலிருந்து தலை நிமிராமல், "பூக்கட்டிப் பாத்துடுங்க," என்றார்.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு விஷயத்தில் முடிவெடுக்க முடியவில்லை என்றால் பூக்கட்டிப் பார்ப்பது உண்டு. ஒரு பொட்டலத்தில் சிவப்புப் பூ, இன்னொன்றில் வெள்ளைப் பூ. சாமி முன்னால் போட்டுக் கும்பிட்டு ஒன்றை எடுக்க வேண்டும். கிணறு வெட்டுவதா, இந்த வரனை முடிப்பதா, எல்லாம் அதில் தீரும். எடுத்த பிறகு மறுபேச்சு கிடையாது. திரும்ப எடுத்தால் அது கேட்டதே இல்லை என்று அர்த்தம்.

எங்கே வைத்துக் கேட்பது என்று ஒரு பேச்சு வந்தது. மலையைச் சுற்றி எட்டு லிங்கம் இருக்கிறது. விடுதிக்குப் பக்கத்தில் இருப்பதிலேயே கேட்கலாம் என்றான் சதீஷ். மணி அண்ணன் அதற்கும் ஒரு கணக்கு வைத்திருந்தார். "குபேர லிங்கத்துல கேட்டா பாரிஸ்தான் வரும், துட்டு உள்ள டீமு. எமலிங்கத்துல கேட்டா டீமே பூடும். இந்தப் பாப்பா ஊட்டாண்ட கோயில்லயே கேளுங்க, நடுநிலையா இருக்கும்."

அப்படித்தான் ஒரு புதன்கிழமை காலை நாங்கள் மூவரும் அடி அண்ணாமலை கோயிலுக்குப் போனோம். அலமாரியில் கிடந்த ஒரு பத்திரிகையில் முதல் டிவிஷனில் ஆடும் இருபது டீம்களின் பட்டியல் இருந்தது. முந்தின நாள் மேசையில் உட்கார்ந்து இருபது துண்டுக் காகிதத்தில் எழுதினேன். ஒவ்வொன்றிலும் ஓர் அரளிப் பூவை வைத்து மடித்தேன். தட்டில் கொட்டிய பொட்டலங்களைப் பார்த்துக் குருக்கள் கேட்டார்:

"என்னம்மா இது? இருபது மாப்பிள்ளையா?"

"டீமு சாமி."

"டீம்னா?"

"பிரான்சுல பந்து ஆடுறவங்க."

அவர் ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார். பிறகு, எல்லாம் அவன் பார்த்துக்கொள்வான் என்கிற மாதிரி உள்ளே கையைக் காட்டிவிட்டுத் தட்டை வாங்கிக்கொண்டார். தீபாராதனை முடிந்து தட்டு திரும்பி வந்தது. எடுத்தது நான். கண்ணை மூடி ஒரு பொட்டலத்தை எடுத்தேன், வெளியே வந்து பிரித்தேன். படிக்கத் தெரிந்தும் யாருக்கும் உச்சரிக்கத் தெரியாத ஒரு பெயர். ஒரு பிரான்சுக்காரரும் அதுவரை எங்கள் மேசையில் சொல்லாத பெயர்.

சதீஷ் போனில் தேடினான். தேடத் தேட அவன் முகம் போன போக்கு இன்றைக்கும் எனக்குத் தெரியும்.

"அக்கா. இந்த டீமு முதல் டிவிஷன்லயே இல்ல."

"பேப்பர்ல இருந்துச்சே."

"அது பழைய பேப்பரு. இவங்க தோத்து ரெண்டாவது டிவிஷனுக்குப் போயி ரெண்டு வருஷம் ஆவுது. அங்கியும் கடைசில இருக்கானுங்க."

பத்திரிகைக்கு அட்டை கிழிந்திருந்தது. எந்த வருஷத்துப் பத்திரிகை என்று நான் பார்க்கவே இல்லை. என் தப்புதான். ஒத்துக்கொண்டேன்.

"இது செல்லாதுக்கா. லிஸ்டே தப்பு. வேற எழுதிட்டு வந்து திரும்ப எடுக்கலாம்."

"சாமிகிட்ட கேட்டாச்சு சதீஷ்."

"சாமிக்கு இன்னா தெரியும், லிஸ்ட் குடுத்தது நம்ம."

"குடுத்தது நம்ம. எடுத்துக் குடுத்தது அவரு. திரும்ப எடுக்க மாட்டேன்."

மணி அண்ணன் நெற்றியில் விபூதியை இழுத்துக்கொண்டு வந்தார். "தாலி கட்டினப்புறம் ஜாதகம் பழசுன்னு சொல்லுவியா நீ? வா, டிபனுக்கு நேரமாச்சு."

என் மனசு எதையும் சொல்லவில்லை. உழைப்பாளிகளின் டீம் என்று எனக்கு அப்போது தெரியாது. கைக்கு வந்தது, வைத்துக்கொண்டேன். திரும்ப எடுக்கலாம் என்று ஒருவன் சொன்னபோது மாட்டேன் என்றேன். நான் செய்தது அவ்வளவுதான். ஆனால் அதைச் செய்தது நான்.

இரண்டாவது டிவிஷன் ஆட்டத்தை இங்கே எந்த டி.வி.யும் காட்டாது. கிளப்பின் பக்கத்தில் ஆட்டம் நடக்கும்போதே நிமிடத்துக்கு ஒரு வரி எழுதுவார்கள், பிரெஞ்சில். சனிக்கிழமை சாயங்காலம் ஏழரை மணி வாக்கில் நான் அடுப்படியில் முக்காலி போட்டு உட்கார்ந்து அதைத் தமிழில் சொல்வேன். மணி அண்ணன் தேங்காய் துருவிக்கொண்டே கேட்பார். எனக்குப் புரியாத இடத்தில் நானே கொஞ்சம் சேர்த்துக்கொள்வேன், இப்போது சொன்னால் என்ன. ஒரு தடவை, காயம்பட்டு ஒருவரைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள் என்று சொல்லிவிட்டேன். மணி அண்ணன் துருவியை வைத்துவிட்டார். பிறகு பார்த்தால் அவர்கள் ஆளை மாற்றியிருந்தார்கள், அவ்வளவுதான்.

"கம்பத்துல பட்டுடுச்சு," என்பேன்.

"யாரு அடிச்சது? நம்மாளா, அவனா?"

"நம்மாளு."

"அடச்சே. அரையடி கம்மி."

அவர் அந்த மைதானத்தைப் பார்த்ததில்லை. ஆடுகிறவர்களில் ஒருவர் முகமும் தெரியாது. ஆனால் எதிரிப் பக்கம் பந்து போனால் அவர் கை துருவுவதை நிறுத்திவிடும். துருவுகிற சத்தத்தை வைத்தே யார் பக்கம் பந்து இருக்கிறது என்று வெளியே இருக்கிறவர்களுக்குத் தெரிந்துவிடும். சதீஷ் இருபது நிமிடத்துக்கு மேல் உட்கார மாட்டான். "போர் அடிக்குதுக்கா. கடைசில ஸ்கோரு மட்டும் சொல்லுங்க," என்று ஸ்கூட்டர் துடைக்கப் போய்விடுவான்.

அந்த டீமின் ரசிகர்களுக்கு என்று இணையத்தில் ஒரு பேச்சு மன்றம் இருந்தது. அதில் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான்கு வரி எழுதினேன். நான் தென்னிந்தியாவில் ஒரு மலையடிவாரத்தில் இருக்கிறேன், உங்கள் டீமைச் சாமி எடுத்துக் கொடுத்தார், பட்டியல் பழசு என்று பிறகுதான் தெரிந்தது, ஆனாலும் மாற்ற மாட்டேன். மறுநாள் காலையில் பார்த்தால் அறுபது பேர் பதில் எழுதியிருந்தார்கள். எங்களுக்கும் இப்படித்தான், அப்பா எடுத்துக் கொடுத்தார், மாற்ற முடியவில்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். அவர் அந்த ஊரில் பேக்கரி வைத்திருப்பவர். அறுபது வயது.

பிறகுதான் இணையத்தில் டீமுக்காகத் தனியாக ஒரு பக்கம் தொடங்கினேன். பௌர்ணமி அன்று எங்கள் வீட்டு வாசலில் அப்பா வேர்க்கடலை வேகவைத்து விற்பார், அதனால் எனக்கு அன்றைக்குக் கிரிவலம் போக முடியாது. மறுநாள் காலையில் போவேன். பாதை முழுக்கக் கடலைத் தோலும் தண்ணீர் பாட்டிலும் கிடக்கும். அதன் நடுவே செருப்பில்லாமல் நடந்து, ஒவ்வொரு லிங்கத்திலும் நின்று, டீமுக்கு என்ன வேண்டிக்கொண்டேன் என்று போட்டோவோடு எழுதுவேன். எமலிங்கத்தில் எங்கள் கோல்கீப்பருக்காக வேண்டினேன்: எதிரி அடிக்கிற பந்தெல்லாம் இவர் கைக்கு வந்து சாகட்டும். அதை அந்த ஊர்க்காரர்கள் ஒரு துணியில் எழுதி மைதானத்தில் கட்டினார்கள். கட்டிய படத்தைப் பேக்கரிக்காரர் அனுப்பினார். அன்று சைக்கிளில் வீட்டுக்குப் போகும்போது அழுதேன். யாரும் அடித்து நான் அப்படி அழுததில்லை.

வீடியோவில் சதீஷ் சொல்கிறான்: "எமலிங்கத்தில் நான் கோல்கீப்பருக்காக வேண்டிக்கொண்டேன்." அந்தப் பெண் கை தட்டுகிறாள்.

அவன் ஒரு நாள்கூட டீமுக்காக மலையைச் சுற்றியதில்லை. ஸ்கூட்டரில் சுற்றினான், வாடகைக்கு.

கொரோனா வந்தது. மிச்சம் இருந்த பிரான்சுக்காரர்கள் ஒரே வாரத்தில் கிளம்பிவிட்டார்கள். கிரிவலப் பாதைக்குத் தடுப்பு போட்டார்கள். விடுதி முதலாளி மூன்று பேரையும் கூப்பிட்டு, திறந்ததும் சொல்கிறேன் என்றார். அங்கேயும் ஆட்டத்தைப் பாதியில் நிறுத்தினார்கள். நின்ற இடத்திலேயே வைத்துப் பட்டியலை முடித்தார்கள். எங்கள் டீம் கீழே போகவில்லை, ஒரே ஒரு இடத்தில் தப்பித்தது. அந்தச் செய்தி வந்தபோது நான் வீட்டில் கடலை உடைத்துக்கொண்டிருந்தேன். அம்மாவிடம், "தப்பிச்சுட்டோம்மா," என்றேன். "யாருக்குடி காய்ச்சலு?" என்று கேட்டார் அம்மா.

அந்த ஆவணியில் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளைக்குக் கீழ்பென்னாத்தூரில் ரைஸ் மில்லில் வேலை. அவர் வீட்டில் யாரோ என் பக்கத்தைப் பார்த்துவிட்டு என் அண்ணனிடம் கேட்டிருக்கிறார்கள். அண்ணன் போனை நீட்டினார்.

"யாரு இவன்? ஹார்ட்டு போட்டிருக்கான்."

"பேக்கரிக்காரருண்ணா. டீமு தப்பிச்சதுக்குப் போட்டிருக்காரு."

"டீமு தப்பிச்சா டீமுக்குப் போடட்டும். உனக்கு எதுக்குப் போடுறான்?"

அண்ணன் கத்தவில்லை, அடிக்கவில்லை. "கல்யாணம் ஆவுற வரைக்குமாவது வுட்டுடு," என்றார். யாரும் என் கையிலிருந்து எதையும் பிடுங்கவில்லை. நானே சதீஷைக் கூப்பிட்டு, பக்கத்தின் பாஸ்வேர்டைக் கொடுத்தேன். இதில் என் கோழைத்தனம் எவ்வளவு என்பது எனக்குத் தெரியும். அதை நீங்கள் எனக்குச் சொல்ல வேண்டாம்.

"நான் பாத்துக்குறேன்க்கா. உங்க பேரு அப்படியே இருக்கும். நீங்க எப்ப வேணாலும் வாங்க," என்றான்.

கல்யாணம் ஆனது. பிள்ளை பிறந்தது. ஜெராக்ஸ் கடை வேலை கிடைத்தது. டீம் அடுத்த வருஷமே மூன்றாவது டிவிஷனுக்கு இறங்கியது. சனிக்கிழமைகளில் ஸ்கோரை மட்டும் பார்த்துக்கொள்வேன். பக்கத்துக்குப் போக மாட்டேன். போனால் எழுதத் தோன்றும், எழுதினால் பேச்சு வரும். சதீஷ் வைத்திருக்கிறான், என் பெயர் இருக்கிறது என்று நம்பிக்கொண்டு ஐந்து வருஷத்தை ஓட்டிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை வீடியோ பார்த்த பிறகு, கடையில் கூட்டம் குறைந்ததும் பக்கத்துக்குப் போனேன். கீழே கீழே தள்ளிக்கொண்டே போனேன். முதல் பதிவாக இப்போது இருப்பது சதீஷின் போட்டோ. அதற்கு முன்னால் இருந்தது ஒன்றும் இல்லை. லிங்கங்கள் இல்லை, அடுப்படி இல்லை, தேங்காய்த் துருவி இல்லை, அந்தத் துணியின் படம் இல்லை. ஏறக்குறைய இரண்டு வருஷம், அகராதியைப் புரட்டிப் புரட்டி ஒவ்வொரு சொல்லாக நான் எழுதியது எல்லாவற்றையும் அழித்திருக்கிறான்.

மணி அண்ணனுக்குப் போன் போட்டேன். அவர் இப்போது திருவண்ணாமலையில் பைபாஸ் பக்கம் ஒரு மெஸ்ஸில் இருக்கிறார். பின்னால் பரோட்டா தட்டுகிற சத்தம் கேட்டது.

"வுடும்மா. நம்ம மூணு பேர்ல அவனாச்சும் அந்த ஊரைப் பாத்தானே," என்றார்.

"நீங்க பாக்க வேணாமாண்ணா?"

"புல்லு அவ்ளோ பச்சையா இருக்கும்னு நெனைக்கல," என்றார். பிறகு, "கஸ்டமர் வந்துட்டாங்கம்மா," என்று வைத்துவிட்டார்.

அடுத்து சதீஷ். மூன்றாவது முறை எடுத்தான்.

"அக்கா, நானே கூப்பிடலாம்னு இருந்தேன்."

"என் எழுத்தெல்லாம் எங்க?"

"அது வந்துக்கா, கல்யாணம் ஆகிப் போயிட்டீங்க. உங்க பேரு இருந்தா வூட்ல பிரச்சனை ஆவும்னுதான் எடுத்தேன். உங்க நல்லதுக்குத்தான்."

"என்னக் கேட்டியா?"

"கேட்டா சங்கடப்படுவீங்கன்னு..."

"பேர எடுத்த, சரி. டீம நீ தேர்ந்தெடுத்தன்னு சொன்னியே, அது யாரு நல்லதுக்கு?"

"அங்க போயி, சாமிகிட்ட பூக்கட்டிப் பாத்தோம், லிஸ்டு தப்பாயிடுச்சுன்னு சொன்னா சிரிக்க மாட்டாங்களாக்கா?"

சிரித்தார்கள், சதீஷ். அந்த அறுபது பேரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டுத்தான் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். அது உனக்குத் தெரியாது, ஏனென்றால் நீ அப்போது ஸ்கூட்டர் துடைத்துக்கொண்டிருந்தாய்.

அன்று வீட்டில் சோறு போடும்போது என் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஐந்து வருஷத்தில் முதல் தடவை. அவர் கேட்டுவிட்டு, "உன் பேருதான? போடச் சொல்லு. இதுல எனக்கு இன்னா வந்துச்சு," என்றார். ரசம் ஊற்றச் சொன்னார். இந்த ஒரு வாக்கியத்துக்குப் பயந்துதானா நான் ஐந்து வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று நினைத்தபோது, சதீஷ் மேல் வந்த கோபத்தைவிடப் பெரிய கோபம் வந்தது. அதை யார் மேல் காட்டுவது என்று தெரியவில்லை. அண்ணன் மேலா, என் கணவர் வீட்டில் பக்கத்தைப் பார்த்துக் கேட்ட அந்த யாரோ மேலா, என் மேலா.

ஞாயிற்றுக்கிழமை ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கத் திருவண்ணாமலைக்குப் போனேன். விடுதி இல்லை. மதில் மட்டும் நிற்கிறது. உள்ளே ஜே.சி.பி. ஒன்று, வில்லா வரப்போகிறது என்று ஒரு போர்டு. அலமாரி எந்தப் பழைய சாமான் கடைக்குப் போனதோ. பட்டியல் இருந்த பத்திரிகையும் அதோடு போயிருக்கும். என் பழைய போனில் எல்லாப் படமும் இருந்தது. அதைப் போன வருஷம் தெருவில் கூவிக்கொண்டு வந்தவரிடம் கொடுத்து ஒரு பிளாஸ்டிக் டப் வாங்கினேன். பிள்ளை குளிக்கிற டப். அந்தப் பேச்சு மன்றத்தையும் மூடிவிட்டார்கள். பேக்கரிக்காரரைத் தேடினேன். கடை பெயரில் இப்போது வேறு யாரோ இருக்கிறார்கள்.

குருக்களிடம் போய்க் கேட்கலாம் என்று ஒரு நிமிடம் தோன்றியது. தினம் எத்தனையோ பொட்டலம் பார்க்கிறவர் அவர். என்னுடைய இருபது மட்டும் அவருக்கு ஏன் ஞாபகம் இருக்க வேண்டும்?

ஆகக் காகிதமாகவோ படமாகவோ என்னிடம் ஒன்றும் இல்லை. நடந்தது தெரிந்தவர்கள் மூன்று பேர். ஒருவர் வுடும்மா என்கிறார். ஒருத்தி இதை எழுதிக்கொண்டிருக்கிறாள். மூன்றாவது ஆள் நீ.

நேற்று நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜைக் கேட்டேன். சாரிக்கா, மனசுல வச்சுக்காதீங்க, ஊருக்கு வரும்போது உங்களுக்கு டீம் சட்டை ஒண்ணு எடுத்துட்டு வர்றேன். எனக்குச் சட்டை வேண்டாம். என் காதில் மட்டும் சொல்கிற சாரியும் வேண்டாம். நீ பொய்யை என் காதில் சொல்லவில்லை, மைக்கில் சொன்னாய்.

அந்தப் பக்கத்திலேயே, அந்த வீடியோவுக்குக் கீழேயே, அந்த ஊர்க்காரர்கள் எல்லாரும் பார்க்கும்படி பதில் எழுது. பொட்டலத்தை எடுத்தது யார்? திரும்ப எடுக்கலாம் என்றது யார், மாட்டேன் என்றது யார்? அழித்த எழுத்தெல்லாம் யாருடையது? என் பெயரை முழுசாகப் போட்டு எழுது. தமிழில் எழுதினால் போதும். பிரெஞ்சில் நான் போட்டுக்கொள்கிறேன்.